அட்டையில் அண்ணனின் முதுகு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் முதலில் அட்டையைப் பார்த்துவிட்டு, அச்சகத்தார் ஏதோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். தவறில்லை. அது எங்கள் அண்ணனின் படம்தான். மேடையில் நிற்கிறார். முதுகு மட்டும் தெரிகிறது. நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறையும் நாளில் ஒருவருடைய முதுகையா அட்டையில் போடுவது, அடையாளக் கார்டில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கலாமே என்று சித்தப்பா மகன் கேட்டான்.

"முதுகுதான் போடணும்," என்றேன்.

"ஏங்க்கா, இன்னும் கோவமா?"

கோபமாக இருந்தால் இதற்குள் ஆறியிருக்கும். இது அருவருப்பு. அது ஆறுவதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நினைவு மலர் என்றால் முதல் பக்கத்தில் பெரிய மனிதர் ஒருவரின் இரங்கலுரை இருப்பது நம் பக்கத்து வழக்கம். தோட்டத்துக் கோயில் தலைவர் தம் உரையையும் படத்தையும் கேட்காமலே கொடுத்தனுப்பினார். படத்தில் அவர் தோளில் பொன்னாடை. உரையில் "நான் வளர்த்த கலைஞர்" என்று எங்கள் அண்ணனை எழுதியிருந்தார். இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டேன். அதனால்தான் முதல் பக்கத்தில் தையற்கடைக்காரியான நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் பிறந்தவை தங்கவில்லை. அண்ணனும் நானும்தான் மிச்சம். அண்ணன் இளம் வயதிலேயே அரசாங்க பேண்டு வாத்தியக் குழு ஒன்றில் சேர்ந்து கிளாரினெட் வாசித்தார். வாசிப்பது மட்டுமல்ல, ஒரு கூட்டம் ஆட்களை ஒரே மூச்சில் வாசிக்க வைப்பது எப்படி என்பதையும் அங்கேதான் கற்றார். அப்பா காலமானதும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வந்தார். கோல சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அம்மாவைக் கடைசிவரை அவரே பார்த்தார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்து, டவுனில் தையற்கடையும் வைத்துக் கொடுத்தார். தாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வீட்ல ஒரே சத்தமா இருக்கு, இதுல பொண்டாட்டி வேறயா?" என்பார்.

சத்தம் என்றது அவருடைய இசைக்குழுவைத்தான்.

வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டாய் மாலையில் காலியாக இருக்கும். அங்கே வகுப்பு நடத்தினார். வந்தவர்கள் வளர்ந்த ஆட்கள். லோரி ஓட்டும் முனியாண்டி வயலின். எண்ணெய் ஆலையில் வேலை செய்த அந்தோணி டிரம்பெட். புல்வெட்டும் கமலம் பாட்டு. இன்னும் தபேலா, பொங்கோ, அக்கார்டியன் என்று மொத்தம் எட்டுப் பேர். குழந்தைகளின் குட்டைப் பெஞ்சில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் செம்பனை ஈர்க்கு ஒன்றைச் சீவிக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்பார். அந்த ஈர்க்கால் யாரையும் அடித்ததில்லை. அது மேலே போனால் எல்லார் மூச்சும் உள்ளே போகும்.

அவர் சொல்லிக் கொடுத்த விதம் விநோதமானது. தன் பகுதியைப் பாடமாக்கியவனை வாசிக்க விடமாட்டார். பக்கத்தில் இருப்பவன் வாசிக்கப் போவதை வாயால் பாடிக் காட்டச் சொல்வார். டிரம்பெட் ஊதும் அந்தோணி வயலின் பகுதியைப் பாடிக் காட்டிய பிறகுதான் டிரம்பெட்டைத் தொடலாம். முதலில் எல்லாரும் முனகினார்கள். முனியாண்டி ஒருநாள் கேட்டேவிட்டார். "அண்ணே, அவன் வாசிக்கிறது எனக்கு எதுக்கு?"

"அவன் வாசிக்கிறது உன் காதுல விழலேன்னா, நீ லோரி ஹாரன் அடிக்கிற மாதிரிதான்டா," என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். முனியாண்டி அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

இன்னொரு பழக்கம், முகத்தைப் பார்ப்பது. தாளைப் பார்க்காதே, விரலைப் பார்க்காதே, என் முகத்தைப் பார் என்பார். எங்கே வேகம், எங்கே அடக்கம் என்று கை பாதி சொல்லும், மீதியைப் புருவமும் உதடும் சொல்லும். கல்யாண வீடுகளிலும் தஞ்சோங் காராங் பக்கத்து விருந்துகளிலும் இவர்கள் வாசித்ததைக் கேட்டவர்கள், வானொலிக் குழுவா என்று கேட்டதுண்டு. குழுவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வாசிக்க அழைப்பு வந்தது. அண்ணனுக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. சொந்த ஜனங்கள் முன்னால், அம்மன் முன்னால் ஒரு முழு நிகழ்ச்சி. எங்கள் பக்கத்துக் கோயில்களில் மேடையைச் சன்னிதிக்கு நேர் எதிரே போடுவார்கள், அம்மனும் பார்க்கட்டும் என்று. நடுவில் ஜனங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டுத் தலைவரும் கமிட்டிக்காரர்களும் கச்சான் கடலை கொறித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர்தான் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பெரிய மண்டோர். யாருக்கு எந்த வேலை என்பது அவர் வாயில் இருந்தது.

அதுவரை அந்த மேடைக்கு வந்த குழுக்களில் தலைவராக இருப்பவர் ஓரமாக ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். ஒருவர் நடுவில் நின்று வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையசைப்பதை அங்கே யாரும் கண்டதில்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் மேடையேறினார். நான் மேடையோரம் நின்றிருந்தேன்.

"தலைவரு கோவமா இருக்காரு. அம்மனுக்கும் பெரியவங்களுக்கும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்களாம். திரும்பி நில்லுங்க."

"திரும்பி நின்னா இவங்க என் முகத்த எப்படிங்க பார்ப்பாங்க? நான் கை காட்டறது இவங்களுக்குங்க, ஜனங்களுக்கு இல்ல."

"அப்போ உக்காந்துக்குங்க லா. நிக்கக் கூடாது."

அண்ணன் ஈர்க்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். நிகழ்ச்சி பாதியில் நின்றது.

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியது. அம்மன் காலிலும் தலைவர் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். "அம்மன் கால்ல தினமும் விழறவன்தான் நான். இவர் கால்ல எதுக்கு?" என்றார் அண்ணன். அதோடு ஆயாக் கொட்டாயைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள்.

பின்னொரு நாள் பூசாரி என் கடைக்கு வந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னிக்கு நாற்காலியில உக்காந்திருந்த அத்தனை பேருமே அம்மனுக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தானம்மா இருந்தாங்க." உண்மைதான். மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் சன்னிதி பின்னால் போய்விடும். இதைக் கூட்டத்தில் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே பூசாரி ஐயா? கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டுதானே இருந்தீர்கள். இதைப் படிக்கும் நம் உறவினர்கள் சிலரும் அன்று அதே பாயில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவரைவிட அந்த மௌனம்தான் எனக்கு அதிக அருவருப்பு.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கடை மாடியில் வகுப்பைத் தொடர்ந்தார். தோட்டத்திலிருந்து எட்டுப் பேரும் மோட்டார் சைக்கிளில் வந்து போனார்கள்.

மறு ஆண்டு திருவிழாவுக்கு அதே எட்டுப் பேரை வாசிக்கச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பினார். நடத்தப் போகிறவர் தலைவரின் மைத்துனர். அவருக்கு ஸ்வரம் என்றால் என்னவென்று தெரியாது. வெள்ளிச் சரிகை வைத்த கோட்டுக்கு அளவு கொடுக்க என் கடைக்கே வந்தார், வெட்கமில்லாமல். துணியைத் தொடாமல் வாசலைக் காட்டினேன். குழுவினர் போக மாட்டோம் என்றார்கள். அண்ணன்தான் போகச் சொன்னார். "போய் வாசிங்கப்பா. நாளைக்கி உங்களத் தூரத்து மலைக்கு வேலைக்கி அனுப்பிடுவான். புள்ளகுட்டி இருக்கு."

திருவிழாவன்று மாலைப் பூசை முடிந்ததும் மைத்துனர் மேடை நடுவில், ஜனங்களைப் பார்த்து, கோட்டு மினுமினுக்க நின்றார். கையை மேலும் கீழும் ஆட்டினார். முதல் பாட்டு சந்தைக்கடையாகிவிட்டது. தபேலா ஒரு பக்கம் ஓட, கமலம் ஒரு பக்கம் தவித்தார். பின்வரிசையில் விசில் கிளம்பியது. அண்ணனும் நானும் எல்லோருக்கும் பின்னால், சன்னிதி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தோம். கமலத்தின் குரல் உடைந்ததும் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து ஈர்க்கை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

மேடையிலிருந்து முனியாண்டி அதைப் பார்த்துவிட்டார். ஒவ்வொருவராக எல்லார் கண்ணும் மைத்துனரின் தலையைத் தாண்டிக் கோயில் வாசலுக்கு வந்தது. இரண்டாவது பாட்டு அப்படியே எழும்பி நின்றது. அதன்பின் ஒரு பிசகும் இல்லை. வாசல் விளக்கு வெளிச்சத்தில் அண்ணனின் புருவம் ஏறி இறங்குவதை அருகில் நின்று பார்த்தேன். ஜனங்கள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்ததால் பின்னால் நடந்தது யாருக்கும் தெரியவில்லை. அம்மனுக்கு மூன்றடி முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிகழ்ச்சி முடியும்வரை அண்ணன் கையசைத்தார். உள்ளே அவள் முகம் மாறவில்லை. முடிந்ததும் மைத்துனருக்குக் கைதட்டல். தலைவர் மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். மைத்துனர் குனிந்து கும்பிட்டு அதை வாங்கிக்கொண்டார். சீ!

"ஏண்ணே இவனுங்களுக்குப் போய்..." என்று நான் அழுதேன்.

"இவனுங்களுக்கா? கமலத்துக்காகம்மா," என்றார். பிறகு ஈர்க்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒரு தடவ அந்த மேடையில நின்னு முழுசா முடிச்சிடணும், தங்கச்சி. வேற ஒண்ணும் வேணாம்."

பின்வந்த ஆண்டுகளில் அந்த ஆசை மட்டும் போகவில்லை. பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் வகுப்பு நடத்தினார். மருத்துவர் நாள் அதிகமில்லை என்றதும் என் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. அண்ணனின் ஆசையைச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்தாவது ஒருமுறை அந்த மேடையில் நடத்த விடுங்கள் என்று கேட்டேன்.

பல் குத்திக்கொண்டே சொன்னார்: "பார்க்கலாம்மா. ஆனா நாற்காலிய முன்னப் பார்த்துப் போடச் சொல்லு."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னபோது ஒரு பக்க வாயால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை. திருவிழாவுக்கு முன்பே அண்ணன் போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு மீதி தெரியும். வராதவர்களுக்காக எழுதுகிறேன். பந்தலில் அண்ணனைக் கிடத்தியிருந்தோம். தலைவர் கமிட்டியோடு வந்து, அண்ணனின் மேல் பொன்னாடை போர்த்தினார். உயிரோடு இருந்தவரை ஒரு துண்டுகூடப் போடாத கை அது. நான் துணிக்காரி, தொட்டதும் தெரிந்தது, அடுப்பில் பாத்திரம் இறக்கக்கூட உதவாத நைலான். "எங்கள் தோட்டத்தின் சொத்து" என்று பேசிவிட்டு முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அண்ணனை எடுப்பதற்கு முன் ஒரு பாட்டு வாசிக்க எட்டுப் பேரும் வந்தார்கள். நாற்காலிகளுக்கும் அண்ணனுக்கும் நடுவில்தான் இடமிருந்தது. செயலாளர் அவர்களைத் தலைவரைப் பார்த்து வரிசையாக நிற்கச் சொன்னார். யாரும் அசையவில்லை.

"யாரு கை காட்டறது?" என்று அந்தோணி கேட்டார்.

"யாரும் வேணாம்," என்றார் முனியாண்டி. "அண்ணன் முகத்தப் பாருங்க."

எட்டுப் பேரும் அண்ணனைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தலைவருக்கும் கமிட்டிக்கும் முன்னால் எட்டு முதுகுகள். அண்ணனின் மார்பில் ஈர்க்கை வைத்திருந்தேன். அது எழும்பவில்லை, ஆனாலும் எட்டு மூச்சும் ஒன்றாகத்தான் உள்ளே போனது. பாட்டு முடியும்வரை யாரும் வந்து திரும்பி நில்லுங்கள் என்று சொல்லவில்லை. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டி, சலிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன என் வீட்டுக்காரருக்கு. பிணக்குத் தெரிந்தும் வேலைக்குப் பயப்படாமல் கடைசி நாள்வரை மாடிக்கு வந்த எட்டுப் பேருக்கு. சமையல் முழுவதையும் ஏற்று நடத்திய கமலத்துக்கு. கசந்துபோய் எழுதுகிறேன் என்று தெரிந்தும் ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லாத சித்தப்பா மகனுக்கு.

கடைசியாக அட்டைப் படம். பாதியில் நின்ற அந்த முதல் திருவிழாவில், தலைவர் தம்மைப் படமெடுக்க ஏற்பாடு செய்திருந்த ஸ்டூடியோக்காரர் முன்வரிசைக்குப் பின்னாலிருந்து எடுத்தது. மேடையில் அண்ணன் இருக்கும் படம் எங்களிடம் இது ஒன்றுதான். கீழ் மூலையில் தலைவரின் பின்னந்தலையும் விழுந்திருந்தது. அதை வெட்டிவிடச் சொன்னேன். அண்ணனின் முகம் இதில் தெரியவில்லையே என்று குறைப்படுகிறவர்கள், எதிரே நிற்கும் எட்டு முகங்களைப் பாருங்கள். அவர்கள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.