கதவிடுக்கு சரியாக இருந்த கார்

எறையூர் கன்னியப்பனைப் பற்றிப் பல கதைகள் சுற்றுகின்றன. பெரும்பாலானவை தப்பு. கார் கண்காட்சியில் அவர் நடுவரை அடித்தார் என்பது தப்பு. அவருடைய கார் பச்சை நிறம் என்பதும் தப்பு. அது சாம்பல் நிறம், வெயிலில் பார்த்தால் சற்று நீலம். அவருக்குக் கோப்பை கிடைக்கவில்லை என்பது மட்டும் சரி. நான் எதிர்வீட்டுக்காரன். அன்றைக்கு அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போய்வந்தவன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கன்னியப்பன் ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் கடைசிச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவர். அவர் அப்பா உழுத நிலத்தின் மேல்தான் அந்தத் தொழிற்சாலையின் பார்க்கிங் இருக்கிறது என்பார்கள். அதுவும் தப்பு, கேன்டீன்தான் இருக்கிறது. புதுக் கார் லைனை விட்டு இறங்கியதும், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்ப்பது இவர் வேலை. சீராக இல்லாத இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போடவேண்டும். வட்டம் விழுந்த வண்டி ரீவொர்க்குக்குப் போகும். பிரித்துத் திரும்பச் சரிசெய்வார்கள். குறையைப் பார்த்த பிறகும் வட்டம் போடாமல் விட்டு, வண்டி கஸ்டமர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டால், அந்தக் கட்டடத்துக்குள் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கொலை செய்தால்கூட விளக்கம் கேட்பார்கள்.

இந்தப் பழக்கத்தை அவர் தொழிற்சாலை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. தண்டலத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணைப் பார்க்கச் சொன்ன நேரத்தில் அவர் கூடத்திலிருந்த பீரோவின் கதவிடுக்கில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நகையைக் கணக்குப் பார்க்கிறார் என்று மாமனார் பயந்துபோனார். “கீழ்க்கீல் எறங்கியிருக்கு” என்றார் மாப்பிள்ளை. பெண்ணாக உட்கார்ந்திருந்த லீலா அன்றைக்கே எழுந்து உள்ளே போயிருக்கலாம். அவரும் போகவில்லை.

கார் வந்த கதை சுருக்கமானது. ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அரிசி ஆலை முதலாளியின் கொட்டகையில் ஒரு பழைய நான்கு கதவுக் காருக்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கன்னியப்பன் கோழிகளை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துவந்தார். காரைச் செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம்; மூடிப்போன கம்பெனி, மறுத்துப் பேச ஆளில்லை. அதற்காக வீட்டுப் பக்கத்தில் ஒரு ஷெட் போட்டார். லீவு நாள் முழுக்க ஷெட்டிலேயே கிடந்தார். நல்ல நாளுக்கு மட்டும் வெளியே வந்து சாப்பிட்டார்.

லீலாவுக்கு அந்த ஷெட்டின் மேல் வேறு கண் இருந்தது. வீட்டின் பின்பக்கம் இருந்த அறையைத் தொழிற்சாலைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதில் இருந்த திருநெல்வேலிக்காரன் இசக்கிதுரை ஒருநாள் ஷெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, நம்மூர்ப் பயலுவ நாலு பேரு ரூம் கிடைக்காம அலையுதானுவ. இந்தக் காரு கெடக்க எடத்துல தாராளமா ரெண்டு ரூம் போடலாமே?” என்றான். நல்ல யோசனை சொல்கிறவர்கள் எப்போதும் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள்.

அன்று மாலை லீலா கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“அடுத்த மாசம் காலேஜ் கிரவுண்டுல கார் கண்காட்சி வெக்கறாங்களாமே, அதுல கப்பு வாங்கினு வா. நானே ஆரத்தி எடுக்கறேன். வாங்கலன்னா ஷெட்ட இடிச்சிட்டு ரெண்டு ரூம். வண்டி எங்கனா போவட்டும்.”

“வாங்கிட்டா?”

“நான் சாவற வரைக்கும் ஷெட்டப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்.”

கன்னியப்பன் சிரித்தார். கோப்பை வாங்குவதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாலு கதவையும் கழற்றி, கீல்களுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து, இடுக்குகளை இப்போதைய புதுக் காருக்கு இருப்பதுபோல் ஒரே சீராக்கி வைத்திருந்தார். பானெட்டும் டிக்கியும்கூட அப்படியே. அந்தக் கதவைச் சாத்தினால் சத்தம் வராது, பெருமூச்சுதான் வரும்.

கண்காட்சி தண்டலம் அருகே ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. நடுவில் கயிறு கட்டி, ஒரு பக்கம் பழைய கார், இன்னொரு பக்கம் புதுக் கார் என்று பிரித்திருந்தார்கள். பழைய கார்கள் சென்னையிலிருந்து லாரியில் படுத்துக்கொண்டு வந்திருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள். எந்தக் காரைக் கேட்டாலும் ஒரு மகாராஜாவிடம் இருந்தது என்றார்கள். அத்தனை காரும் உண்மையில் மகாராஜாக்களிடம் இருந்திருந்தால், யானைகள் பட்டினி கிடந்து செத்திருக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம், தொழிற்சாலை பார்த்துப் பார்த்து மாட்டி அனுப்பிய பம்பரைக் கழற்றிவிட்டு, வாணலி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்ட புதுக் கார்கள். பட்டப்பகலில் வண்டிக்கு அடியில் நீல விளக்கு. புகைக்குழாயில் வெடிச்சத்தம். பழையவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பண்பாடு அழிந்துவிட்டது என்றார்கள். புதியவர்கள் எதையும் சொல்லவில்லை, சொன்னாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள். “டேய், இந்த டோர் நம்ம லைன்ல போட்டதுடா” என்று ஒவ்வொரு புதுக் காரையும் தட்டிப் பார்த்தார்கள்.

லீலாவின் தம்பி புருஷோத்தமன் நீல விளக்குக் கூட்டத்தில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

“இன்னா மாமா, ஸ்டார்ட் ஆச்சா, இல்ல அக்காவ விட்டுத் தள்ளிகினு வந்தியா?”

“உன் வண்டி பம்பர் எங்கடா மச்சான்?” என்றார் கன்னியப்பன். “மூணு பேரு நின்னு மாட்டி அனுப்புனாங்களே, வயிறு எரியாது?”

நடுவர் பெயர் இராமச்சந்திரன். சென்னையில் பழைய கார் சங்கத்தில் பெரியவர். கையில் டார்ச். கன்னியப்பன் காரின் முன்கதவில் விரலை ஓட்டினார், முகம் மலர்ந்தது. பின்கதவுக்கு வந்தார், மலர்ந்த முகம் பாதியில் நின்றது. நாலாவது கதவில் புருவம் சுருங்கிவிட்டது.

“ரொம்ப நன்னாருக்கு. அதுதான் சிக்கல். இந்த மாடல்ல நாலு கதவும் நாலு விதமா இருக்கும். பழைய கார்னா கம்பெனியிலேர்ந்து எப்படி வந்துதோ அப்படியே இருக்கணும். அதுக்குத்தான் மார்க்கு” என்றார்.

பக்கத்தில் ஒரு கார் நின்றது. கதவின் அடியில் துரு தின்ற ஓட்டை. அந்த ஓட்டைக்கு மேல் பளபளவென்று வார்னிஷ் அடித்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். கன்னியப்பன் அதையும் நடுவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

இராமச்சந்திரன் கெட்டவர் அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கோப்பை கொடுத்துப் படம் எடுக்க வேண்டும் என்று கண்காட்சிக்குப் பணம் போட்டவர்கள் ஆசைப்பட்டார்கள்; கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே உள்ளூர்க்காரர் கன்னியப்பன். ஆகவே நடுவர் குரலைத் தணித்தார்.

“ஒண்ணு ரெண்டு வண்டி கம்பெனியிலேர்ந்தே தப்பித்தவறி நன்னா வந்திருக்கலாம். இதுவும் அப்படி வந்ததுதானே?”

லீலாவுக்குப் புரிந்துவிட்டது. கணவரின் முதுகில் ஒரு விரலால் குத்தினார். “ஆமான்னு சொல்லு மாமா” என்று புருஷோத்தமன் காதில் ஓதினான்.

“இல்ல சார்,” என்றார் கன்னியப்பன். “நான்தான் சரி பண்ணேன். கீலுக்கு அடியில தகடு வெச்சிருக்கேன்.”

“காதுல விழலை. மறுபடியும் கேக்கறேன். கம்பெனியிலேர்ந்து இப்படியே வந்ததுதானே?”

இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதனைப் பொய் சொல்ல அழைத்து நான் பார்த்ததில்லை. கன்னியப்பன் யோசித்தார். பொய் சொல்வதா என்று யோசிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

“அப்ப உங்க கணக்குல, கம்பெனி மாதிரி இல்லாதது எல்லாம் குறை. அப்டித்தானே சார்?”

“அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்.”

கன்னியப்பன் சட்டைப்பையில் கைவிட்டார். மஞ்சள் மெழுகுப் பென்சில் வந்தது. லீலா, “ஏங்க, வேணாங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் முன்கதவில் ஒரு வட்டம் விழுந்தது. அடுத்து பின்கதவு. சுற்றி வந்து அந்தப் பக்கம் இரண்டு. பிறகு பானெட். நடுவர் கவனிக்காமல் விட்ட டிக்கியை அவரே திறந்து, “இதுவும் சார்” என்று அதற்கும் ஒன்று போட்டார். பல மாதம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சாம்பல் நிறத்தின் மேல், அம்மை வார்த்ததுபோல் மஞ்சள் மஞ்சளாக.

நைட் ஷிஃப்ட் கூட்டத்துக்குப் பரம சந்தோஷம். “ரீவொர்க்! ரீவொர்க்!” என்று கைதட்டினார்கள். நீல விளக்குக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். கம்பளித் தொப்பிகள் அன்று முதல்முறையாகப் புதுக் கார்களைப் பார்த்துச் சிரித்தன. பழசும் புதுசும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

கோப்பை துருப்பிடித்த ஓட்டைக்குப் போனது.

திரும்பி வரும்போது ஒரகடம் சந்திப்பில் வண்டி நின்றது. சிக்னலில் பைக்கில் நின்றவர்கள் எல்லாம் வட்டங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“ஒரு ஆமா. அத்த சொல்றதுக்கு உனுக்கு இன்னா நோவு?” என்றார் லீலா.

“சொல்லியிருந்தா அப்டியே கஸ்டமர் கைக்குப் போயிருக்கும் லீலா.”

“எவன்யா கஸ்டமர்? அது நம்ம வண்டிய்யா!”

லீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் சங்கடப்பட்டேன். அழவில்லை. கணவர் தானாகவே டிக்கியைத் திறந்து காட்டியது ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டதாம்.

ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். அந்த வாரமே ஷெட்டின் கூரை இறங்கியது. மேஸ்திரி வந்தார். அவரும் கன்னியப்பனும் சேர்ந்து இடத்தை அளந்தார்கள். கன்னியப்பன் முகம் தொங்கிப்போயிருந்தது. டேப்பை மட்டும் தொங்கவிடாமல் இறுக்கமாகப் பிடித்திருந்தார். இரண்டு அறை தாராளமாக வரும் என்று என் எதிரிலேயே சொன்னார்கள்.

மறுநாள் ஒரே ஓர் அறைக்குத்தான் கயிறு கட்டப்பட்டிருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த இசக்கிதுரை திகைத்துப்போய் நின்றான்.

“ரெண்டு ரூம்னு சொன்னியளே அக்கா?”

“எடம் பத்தல தம்பி,” என்றார் லீலா. “ஒண்ணுதான் வருமாம். மிச்ச எடத்துல வேற இன்னா பண்றது? அந்த வண்டியே நின்னு தொலையட்டும்.”

மேஸ்திரி வாயைத் திறந்தார். “நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க மேஸ்திரி” என்று லீலா அவரை அனுப்பிவைத்தார். சிமெண்ட் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த கன்னியப்பன் நிமிர்ந்தார்.

“பத்துமே லீலா. நேத்து நானே அளந்தேனே. ரெண்டு ரூம் போட்டு, நடக்க வழி விட்டாக்கூட...”

“யோவ், நீ சும்மா இருய்யா!”

கன்னியப்பன் மனைவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு வாயை மூடினார். மூடுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.