மரத்துப்போன இரண்டு விரல்கள்

முதலில் மரத்தது சுண்டுவிரல். இரண்டு நாளில் மோதிர விரலும் சேர்ந்துகொண்டது. பசுவந்தனை சாலையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு ஏழு கிலோமீட்டர். சைக்கிளில் வந்து இறங்கினால் இரண்டு கையிலும் அந்த விரல்கள் இருப்பதே தெரியாது. ஊசியில் நூல் கோக்க அரை மணி நேரம் ஆகும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோதும் முதலில் கைதான் மரத்தது. அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

சைக்கிள் அக்கா மகளுடையது. சென்னைக்கு வேலைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். ஹேண்டில்பார் நேர்க்கம்பி, சீட்டைவிடத் தாழ்வு.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. ஓடைப்பாலத்து இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தேன். கீழே ஓர் அம்மா ஆடுகளைச் சாலைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கைப் பிடித்தேன். கை பாதிக்கு மேல் மூடவில்லை. எதிரே லாரி. வேறு வழியில்லாமல் வயலுக்குள் திருப்பினேன். முன்சக்கரம் கரிசல் சேற்றில் புதைய, நான் குப்புற விழுந்தேன்.

ஆட்டுக்கார அம்மா ஓடி வந்து தூக்கினார். "பிரேக்கு இல்லையாம்மா?"

"இருக்கு. கைதான் பிடிக்க மாட்டேங்குது."

அவர் என் சுண்டுவிரலைக் கிள்ளினார். "தெரியுதா?"

"தெரியல."

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரு. வச்சுக்கிட்டு இருக்காதே."

டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. வாய் கோணிவிடுமோ என்று பயந்தேன். பக்கவாதம் இல்லை, உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது என்றார். சைக்கிளைப் பற்றி அவர்தான் கேட்டார், ஹேண்டில்பாரைக் கடையில் காட்டி மாற்றச் சொன்னார்.

சைக்கிள் கடைக்காரர் என்னைவிட இளையவர். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னை ஏறி உட்காரச் சொன்னார்.

"முழங்கையை மடக்காம ஊண்டிக்கிட்டுல்லா உக்காந்திருக்கீய அக்கா. உடம்பு பாரம் பூரா கையில இறங்குது."

நேர்க்கம்பியைக் கழற்றிவிட்டு, நம் பக்கமாக வளைந்து வரும் உயரமான ஹேண்டில்பாரை மாட்டினார். முதுகு நிமிர்ந்தது, முழங்கை தானாக மடங்கியது. கைப்பிடியில் விரல்கள் சும்மா கிடந்தன.

உணர்வு முழுசாகத் திரும்ப மூன்று வாரம் ஆனது. அதுவரை தினமும் காலையில் எழுந்ததும் கண்ணாடியில் வாயைப் பார்த்துக்கொள்வேன். இப்போது கை நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்த இறக்கம் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகிறேன்.