எங்களுடைய ஹோட்டலும் என்னுடைய ஆயுளும்

துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள் நான். சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதி கைக்கு வந்த கிழமையே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. கணவர் புவியியல் ஆசிரியராக இருந்தவர். மாதம் தவறாமல் அரசாங்கப் பென்சன் வருவதால், அடுத்தவர் காசில் மகா துணிச்சல்காரர்.

“எல்லாத்தையும் பங்குச்சந்தையில போடுவம்” என்றார்.

“விழுந்தால்?”

“திரும்பி எழும்பும்.”

“அதுக்குள்ள நாங்கள் விழுந்தால்?”

அரசாங்கக் கடன்பத்திரமான திறைசேரி முறி வாங்கலாம் என்பது என் எண்ணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், தவணை முடிந்ததும் போட்ட முதல் திரும்பி வரும், இடையில் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். அவர் சிரித்தார்.

“அரசாங்கத்துக்குக் கடன் குடுக்கப் போறீரோ? அது ஊரெல்லாம் கடன்பட்டு நிக்குது.”

“உங்கட பென்சனையும் அந்த அரசாங்கம்தானே தருது?”

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வழியோடு வந்தவள் என் பள்ளித் தோழி. காப்புறுதி விற்பவள். ஒரு தொகையை மொத்தமாகக் கம்பனியிடம் கொடுத்துவிட்டால், சாகும்வரை மாதாமாதம் பணம் தருவார்களாம்.

“நான் அடுத்த மாசமே செத்தால்?”

“கொம்பனிக்கு லாபம்.”

“தொண்ணூறு வயசு மட்டும் இருந்தால்?”

“உனக்கு லாபம். ஆனால் ஒண்டு, சாமான் விலை ஏறினாலும் இந்தக் காசு ஏறாது.”

“உனக்கு எது விருப்பமடி? நான் சாகிறதோ, இருக்கிறதோ?”

மீன் வைத்த மாலுபாணைக் கடித்து நெடுநேரம் மென்றாள். “சிநேகிதியாக் கேட்டால், இருக்கிறது. மற்றதைக் கேளாதை.”

கடைசியில் பிரித்தோம். பெரும்பகுதி முறிக்கு, ஒரு பகுதி தோழியின் திட்டத்துக்கு, ஒரு சிறு துண்டு கணவரின் ஆசைக்கு. அவர் வாங்கியது, நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டல் நடத்தும் ஒரு கம்பனியின் பங்குகள்.

அன்றிலிருந்து அவருடைய நடையே மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழுத்தி மடிப்புக் கலையாத சேட்டைப் போட்டு வெளிக்கிட்டு, “வாரும், எங்கட ஹோட்டலைப் பார்த்திட்டு வருவம்” என்றார். போனதும் ஆளில்லாத மூலையில் சுழன்ற மின்விசிறியை நிறுத்தினார். நீச்சல் குளத்தருகே கிடந்த துவாயை மடித்து வைத்தார். வெயிட்டர் ஓடி வந்து ஐயா யார் என்று கேட்டபோது, “பங்குதாரர்” என்றார். வெயிட்டர் பயந்துபோய் மனேஜரைக் கூட்டி வந்தார்.

“எவ்வளவு பங்கு வச்சிருக்கிறீங்க சேர்?” என்று மனேஜர் பணிவாகக் கேட்டார்.

கணவர் கடலைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: “கணக்குப் பார்த்தால், இந்தக் கதிரையின்ர ஒரு கால் எங்கட.”

மனேஜர் வாய்விட்டுச் சிரித்து, இரண்டு தேசிக்காய்த் தண்ணி இலவசமாகக் கொண்டுவரச் சொன்னார். கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சும்மா குடுத்தால் கொம்பனி எப்பிடி உருப்படும்? காசு எடுங்கோ!” பில்லைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. ஆனாலும் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம், அந்தக் காசில் ஒரு துளி எங்களுக்கே வந்து சேரும் என்று ஓட்டோக்காரருக்கு விளக்கினார்.

சில மாதங்களில் பங்கு விலை இறங்கியது. பேப்பரில் அந்தப் பக்கத்தை என் கண்ணில் படாமல் மடித்து வைக்கத் தொடங்கினார். “ஹோட்டலில சும்மா சுத்திற ஃபானை நூர்க்க ஆள் இல்லைப்போல” என்று சீண்டினேன். விற்றுவிடலாமே என்றும் சொன்னேன்.

“ஏலாது. வித்தால் பிறகு என்னெண்டு அங்க போறது?”

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு விற்கிற கதையை எடுக்கவில்லை.

நானோ தொண்ணூறைக் குறிவைத்துச் சீனியை விட்டேன். காலையில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களுக்கு வழிவிட்டுக் கடற்கரை வீதியில் நடக்கத் தொடங்கினேன். ஒருநாள் தோழி ஸ்கூட்டரை நிறுத்தி, “என்னடி மெலிஞ்சு போனாய்? ஏதும் வருத்தமோ?” என்று கேட்டாள்.

“வருத்தம் உங்கட கொம்பனிக்குத்தான்.”

அவள் ஸ்கூட்டரை ஓரமாக விட்டுவிட்டு என்னோடு நடந்தாள். மறுநாளும் வந்தாள். போன மாதம் அதே திட்டத்தைத் தனக்கும் எடுத்திருக்கிறாள். இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள்.