ஐந்தருவியில் ஒரு புள்ளி

மதுரையிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். தென்காசிக்கு நூற்றறுபது கிலோமீட்டர் சொச்சம். காரில் ஒரு ஹாம் ரேடியோ, பொழுதுபோக்குக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிற வயர்லெஸ். நான் எங்கே இருக்கிறேன் என்பதை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அது காற்றில் சொல்லிக்கொண்டே வரும். கேட்பதற்கு வழியில் ஆள் கிடையாது. கடையநல்லூர் நெருங்கினால்தான் இலஞ்சியில் ஆறுமுகம் அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடி ஆன்டெனா அதைப் பிடித்து இணைய வரைபடத்தில் புள்ளியாக ஏற்றும். செல்போன் சிக்னல் அங்கங்கே செத்துப்போகிற மலைப்பக்கத்திலும் புள்ளி நகரும்.

அண்ணாச்சி எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வீடு அவருடைய மச்சினனுடையது. மச்சினனுக்கு மாடியில் அருவி சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை கட்ட ஆசை; அதற்கு இடைஞ்சல் ஆன்டெனா. ஒன்பது மணிக்கு அவர் வருவார், இதனால் என்ன பிரயோஜனம் என்று எடுத்துச் சொல்ல நான் வரவேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குப் பேச்சுத் திறமை உண்டு என்று அண்ணாச்சி நம்பியிருந்தார்.

எட்டரைக்குத் தென்காசி. கோபுரத்தின் மேல் சாரல். இலஞ்சி நாலு கிலோமீட்டர்தான். ஆனால் ஐந்தருவியில் ஒரு குளியல் போட ஆசை, நேரமாகிவிட்டால் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். அண்ணாச்சி எங்கே ஓடிவிடப் போகிறார்? அவர் வாசலைத் தாண்டும்போது, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்துகொள்ளக்கூடச் செய்தேன்.

ஐந்தருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட ஆள் என் வழுக்கையைப் பார்த்து, “சாருக்கு எண்ணெ மிச்சம்” என்றார். குளித்துவிட்டு நாற்பது ரூபாய்க்கு மிளகாய் பஜ்ஜி. அப்போது போன் வந்தது.

“எங்கன வருதீரு?”

“கடையநல்லூரே தாண்டலை அண்ணாச்சி. ஒரே டிராஃபிக்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “சரி, மெதுவா வாரும்” என்று வைத்துவிட்டார்.

பதினொன்றேகாலுக்கு இலஞ்சி. வாசலில் காரை நிறுத்தினேன். அண்ணாச்சி என் தலையின் ஈரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

“கடையநல்லூர்ல நல்ல மழையோ?”

காப்பி கொடுத்த அண்ணாச்சி வீட்டு மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மச்சினனைக் காணோம்.

“அவன் வந்துட்டுப் போயாச்சு வே. இந்தக் கம்பி என்னதான் பண்ணுதுன்னு கேட்டான். மதுரைக்காரர் வந்துகிட்டிருக்காரு, எங்கன வாராருன்னு காட்டுதேன் பாருன்னு உம்ம புள்ளியக் காட்டினேன். அது நம்ம வாசலத் தாண்டி ஐந்தருவிக்குப் போயி அங்கனயே உக்காந்துட்டு. அதான் போன் போட்டேன். ஸ்பீக்கர்ல.”

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“‘அத்தான், இவரு சொல்லுதது நெசமா, கம்பி சொல்லுதது நெசமா’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? வீட்டுக்கு வாற மனுசனப் பொய்யன்னா சொல்ல முடியும்? கம்பிதான் தப்பாச் சொல்லுதுன்னுட்டேன். அப்பம் எதுக்கு இது, கழட்டுங்கன்னுட்டான்.”

நான் மச்சினனிடம் பேசுகிறேன் என்றேன்.

“போதும். இன்னைக்கு ரொம்பப் பேசிட்டீரு.”

மாடியில் ஆன்டெனாவோடு சேர்ந்த ரேடியோவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கவே அண்ணாச்சி சுவிட்சை அணைத்தார். ஆன்டெனாவை இறக்க நானும் ஒரு கை பிடித்தேன். அதற்குப் பேச்சுத் திறமை தேவைப்படவில்லை.

மாலை வீடு திரும்பினேன். தென்காசிக்குப் போய்வந்தேன் என்றதும் அருவியில் தண்ணீர் எப்படி என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள். நல்ல தண்ணீர் என்றேன். இந்தத் தடவை பொய்யில்லை.

பிறகு வரைபடத்தைத் திறந்தேன். நான் கிளம்பியதைப் பிடித்துச் சொல்ல அங்கே ஆன்டெனா இல்லையே. என் கார் மதுரையில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. படத்தில் என் புள்ளி இன்னும் இலஞ்சியில், அண்ணாச்சி வாசலில் நிற்கிறது. ஒன்பது மணிக்கு நிற்க வேண்டிய இடம்.