ஈரச்சாக்கில் மூச்சு முட்டிய நாவல்பழம்

வடசேரிச் சந்தையை விட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஓடினால் பிடிப்பார்களே! கை இரண்டையும் துண்டுக்குள் மறைத்திருந்தேன். உள்ளங்கையெல்லாம் ஊதா. நாவல்பழக் கறை எத்தனை தேய்த்தாலும் அன்றைக்கே போகாது.

அப்படி என்ன செய்துவிட்டேன் என்கிறீர்களா? பழம் கொண்டுவந்தேன். அவ்வளவுதான்.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். ஒரு வருஷம் கடியப்பட்டணத்தில் மீன் சுமந்தேன். அதை விட்டுப் பேச்சிப்பாறைப் பக்கம் போய், நாவல்பழம் உலுக்கி மாட்டு வண்டியில் வடசேரிக்குக் கொண்டுவரும் வேலை. அங்கே பழக்கடை வைத்திருந்த நேசம்மாளுக்கு.

மீன் சுமந்தவனுக்கு ஒரே பாடம்தான் தெரியும் — ஈரம் காயக்கூடாது. அன்று பழத்தையும் வாய்க்கால் தண்ணீரில் அலசி, கூடையில் அமுக்கி நிரப்பி, நனைந்த சாக்கைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். வழியெல்லாம் தண்ணீர் தெளித்தேன். பெருமையாக வேறு இருந்தது! காலையில் இறக்கியபோது மேல்பழம் பளபளவென்று இருந்தது. அடியிலிருந்து... லேசாகக் கள் வாடை. பழுத்த வாசனை என்று நினைத்துக்கொண்டேன்.

நேசம்மாளின் மகள் கிரேஸ் ஆறுமாசக் கர்ப்பிணி. நசுங்கின அடிப்பழத்தை விற்க முடியாது என்று அவளே தின்றிருக்கிறாள். மத்தியானம் நான் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், கடைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறாள். வாந்தி, பேதி. சந்தையில் இந்த இரண்டும் சேர்ந்தால் காலரா என்றுதான் அர்த்தம். பக்கத்துக் கடைகள் சாத்தத் தொடங்கின. காலரா கண்டவர்களை ஒதுக்கி வைக்க ஊருக்கு வெளியே இருந்த காலரா ஷெட்டுக்குக் கொண்டுபோக வண்டிக்கு ஆள் போயிருந்தது.

அப்போதுதான் நடக்க ஆரம்பித்தேன்.

சுசீந்திரத்துக்குப் பாதி வழியில் கால் நின்றுவிட்டது. நல்லவன் என்பதால் அல்ல. காலரா இல்லாதவளைக் காலரா ஷெட்டில் படுக்க வைத்தால் என்ன ஆகும்? இரண்டு உயிர்... கூடையின் அடியில் கள் வாடை அடித்தது தெரிந்தவன் நான் ஒருவன்தானே!

திரும்பிப் போனேன். காலரா வண்டி கடை வாசலில் நின்றது. அதோடு வந்திருந்த டாக்டரிடம் வாய்க்கால், சாக்கு, வாடை எல்லாவற்றையும் சொன்னேன். கூடையைத் தரையில் கவிழ்க்கச் சொன்னார். அடிப்பழமெல்லாம் வெள்ளைப் பூசணம். வண்டியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்.

பொழுது சாயும்போது வாந்தி நின்றது. வயிற்றில் பிள்ளை அசைகிறது என்றாள் கிரேஸ். வண்டி காலியாகவே திரும்பியது. அப்புறம்தான் நேசம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"ஓடிப்போனவன் பொறவு எதுக்குலே வந்தே?"

பயமாக இருந்தது என்றேன்.

"போனதும் பயத்துல, வந்ததும் பயத்துலயா?" என்றாள். "மீனு செத்தது, அதுக்கு ஈரம் வேணும். பழம் பறிச்ச பொறவும் மூச்சு விடும்லே. எலை விரிச்சு, காத்தோட்டமாட்டு, நெழல்ல கொண்டு வரணும். கழுவுகது திங்கதுக்கு முன்னதான். பொழுது போகப் போக அதுல உள்ள சத்தும் போவும். நீ கொண்டு வந்ததுல விஷம்தான் மிச்சம்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் அவள் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். என்ன வேலை? வந்து இறங்கும் ஒவ்வொரு கூடையிலும் ஆக அடியில் கிடக்கும் பழத்தை எடுத்து, அவள் கண்ணெதிரே, முதல் ஆளாக நான் தின்ன வேண்டும்.