செய்யாத செய்முறைகள்

வேதியியல் டீச்சருக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். பாடத்திட்டப்படி வருடத்துக்குப் பதினாறு செய்முறைகள். அவர் வகுப்பிலோ ஒன்றுகூட நடந்ததில்லை. கண்ணாடிச் சாமான் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமை ஆசிரியர் ஆய்வகத்தைப் பூட்டியே வைத்திருந்தார். டீச்சர் செய்முறையை விடையோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். பிள்ளைகள் அதை ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதுவார்கள். அவர் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திடுவார். அவருடைய மகளும் அந்த வகுப்பில் படித்தவள்தான்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே மகள் போன் செய்தாள்.

"அம்மா, லேப்ல எனக்கு பியூரெட் குழாயைப் பிடிக்கக்கூடத் தெரியல. ஸ்கூல்ல என்னதான் கிழிச்சீங்கன்னு சார் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எங்க டீச்சர் சொல்லித்தரலைன்னேன். அது நீதான்னு சொல்லலம்மா."

மறுநாள் டீச்சர் ஆய்வகச் சாவியைக் கேட்டார். தலைமை ஆசிரியர் சிரித்தார்.

"நூத்துக்கு நூறு ரிசல்ட் காட்டுறோம். எதுக்கு டீச்சர் வம்பை விலைக்கு வாங்கறீங்க?"

டீச்சர் சாவி இல்லாமலே திரும்பினார். வகுப்புக்குப் போய் அடுத்த செய்முறையை எழுதிப்போட்டார்.

"இதை நாம எப்ப டீச்சர் செய்வோம்?" என்று முதல் பெஞ்சு மாணவி கேட்டாள்.

"முதல்ல எழுதி முடி" என்றார் டீச்சர்.