டிரைவரைக் கூப்பிடு!

கிள்ளானில் நான் கும்பிடும் அம்மன் கோயிலில் பெரிய திரை ஒன்று வாங்கி மாட்டினார்கள். அன்றோடு அர்ச்சனைச் சீட்டு போச்சு. திரையில் தெரியும் கியூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து பெயரும் நட்சத்திரமும் பதிய வேண்டும். அந்தப் பெயர் திரையில் ஓடினால்தான் குருக்கள் வாசிப்பார். அம்மனுக்கு நம்மைத் தெரியாதாம், திரைக்குத்தான் தெரியுமாம்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என் மனைவிக்கு நெஞ்சில் ஆபரேஷன். அதற்குள் அவள் பெயரில் அர்ச்சனை செய்து, குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்துவிட வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை. ஒன்பதரைக்கே வரிசையில் நின்றேன். நான் போனை எடுப்பதற்குள் திரையில் இருந்த அம்மன் படம் மறைந்தது. ஒரே கறுப்பு. அதில் வெள்ளையாய் இரண்டு வரி இங்கிலீஷ், ஓரத்தில் பெரிய கட்டம் ஒன்று.

கோயில் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "பக்தர்களே, புதுக் கட்டம் வந்துருச்சு! பெருசா இருக்கு, எல்லாரும் ஸ்கேன் பண்ணுங்க லா!"

நாங்களும் மந்தையாய்ப் போனைத் தூக்கினோம். என் போனில் வரி வரியாய் இங்கிலீஷ்தான் வந்தது. பெயரும் கேட்கவில்லை, நட்சத்திரமும் கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டாள். பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலையாம். "அங்கிள், இது அர்ச்சனைக் கட்டம் இல்ல. கம்ப்யூட்டர் செத்துருச்சு. ஏன் செத்துச்சுன்னு இதுக்குள்ள எழுதியிருக்கு. எல்லாம் நின்னு போனாலும், கடைசியா இத ஸ்கிரீன்ல காட்டுறது ஒரு சாஃப்ட்வேர், பேரு கிராபிக்ஸ் டிரைவர்."

செயலாளர் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. "டிரைவரா? எங்க அவன்? கூப்பிடு அவன!"

"நான்தான் டிரைவர், அண்ணே. இங்க பக்கத்துல மேருவுல லோரி ஓட்டுறேன். வரட்டுமா?" என்றேன்.

வரிசையே சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கமிட்டிக்காரர்கள் நாலு பேர் பிளக்கைப் பிடுங்குவதும் சொருகுவதுமாய் இருந்தார்கள். மணி பத்தைத் தாண்டியது. லோரி நடுவழியில் நின்றால், நின்றுவிட்டது என்று காட்ட இறங்கிப் பின்னால் சிவப்பு முக்கோணம் வைப்போம். அந்தத் திரைக்குக்கூட அவ்வளவு நாணயம் இருந்தது. மைக் பிடித்தவருக்கு இல்லை.

வரிசையை விட்டுச் சன்னதி முன் போனேன். "சாமி, சம்சாரத்துக்கு ஆபரேஷன்" என்று அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் வாயாலேயே சொன்னேன். குருக்கள் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோத்திரம்?"

"தெரியாது சாமி."

"சிவ கோத்திரம்" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

குங்குமத்தோடு வெளியேறும்போது பின்னால் மைக் அலறியது. "இன்னும் ரெண்டே நிமிஷம்! யாரும் வாயால பேர் சொல்லாதீங்க!"

பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் அவள் நெற்றியில் வைத்தேன்.